பாறை நிலத்தில் ஒரு வீடு: சுவிட்ச் பாக்ஸ் பிளாஸ்டிக்கா, இரும்பா?

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், ஜெகதேவி பக்கமெல்லாம் கிரானைட் பூமி. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் மூன்று நான்கு அடியில் பாறை தட்டும். அங்குள்ள ஒரு கிராமத்தில், மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் தன் பழைய வீட்டை ஒட்டியே புதிதாக ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, குளியலறை கட்டிக்கொண்டிருந்தார். 2023 பங்குனியில் ஹாலோ பிளாக் சுவர்கள் எழுந்து, கூரை போட இன்னும் மூன்று வாரம் இருந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒயரிங் மேற்பார்வை வேலை செய்பவன்.

கூப்பிட்ட காரணம் ஒரு சின்னத் தகராறு. சுவிட்ச் போர்டுகளுக்குச் சுவரில் பதிக்கும் பாக்ஸ் எது என்பதில் மூன்று பேருக்கு இரண்டு கருத்து, மூன்று காரணம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன், ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பாக்ஸ்தான் வேண்டும் என்றார். "எங்க கம்பெனில ஒரு இடத்துல கூட பிளாஸ்டிக் கிடையாது சார்." இருபது வருஷமாக அந்த ஊரில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் பிளாஸ்டிக் பக்கம். விலை பாதிகூட ஆகாது, வேலையும் சுலபம் என்பது அவர் கணக்கு. வீட்டுக்காரரும் பிளாஸ்டிக்தான் கேட்டார். ஆனால் அவர் காரணம் வேறு. போன வாரம்தான் பழைய குளியலறைச் சுவிட்சைப் போடப்போன அவருடைய அம்மாவுக்கு ஷாக் அடித்திருந்தது. அந்த பாக்ஸ் இரும்பு.

பாக்ஸ் பற்றிப் பேச வந்த நான், முதலில் அந்தக் குளியலறையைக் காட்டச் சொன்னேன்.

பழைய குளியலறையில் கண்டது

2008-இல் கட்டிய பகுதி அது. கருப்பு பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டு பாக்ஸ், அதன் மேல் ஹைலம் ஷீட் (மின்சாரம் கடத்தாத பலகை), ஷீட்டை பாக்ஸோடு பிடிக்க நான்கு மூலையிலும் பித்தளைத் திருகு. அந்தக் காலத்து வீடுகளில் எங்கும் பார்க்கக்கூடிய அமைப்பு. அந்தத் திருகுகள் வெளியே தெரியும்படி இருப்பதுதான் இதில் வினை. பாக்ஸில் மின்சாரம் ஏறினால் திருகிலும் ஏறும்.

டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. டெஸ்டர் எரிவதை மட்டும் நம்ப முடியாது. பக்கத்தில் ஓடும் ஒயரின் தூண்டலுக்கே மங்கலாக எரியும். எண் காட்டும் மல்டிமீட்டரும் சில நேரம் அப்படி ஏமாற்றும். அதனால் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையைத் திருகிலும் தொட வைத்தேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. அப்படியானால் ஃபேஸ் ஒயரே எங்கோ பாக்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு ஷீட்டைக் கழற்றினோம். பிவிசி பைப் பாக்ஸுக்குள் வராமல் சுவரிலேயே அரை அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. தகட்டில் தட்டித் திறந்த துளையின் விளிம்பு கத்தி மாதிரி. ஒயரை விளிம்பு கீறாமல் காக்கும் புஷ் (வளையம்) எதுவும் போடவில்லை. சிவப்பு ஒயர் அந்த விளிம்பில் மடங்கி, மேல் உறை கிழிந்து, செம்பு தகட்டில் உட்கார்ந்திருந்தது. பச்சை ஒயர், அதாவது எர்த், 5 ஆம்பியர் சாக்கெட்டின் பெரிய துளை வரை வந்து அங்கேயே முடிந்துவிட்டது. பாக்ஸுக்கு அதிலிருந்து ஒரு துண்டு ஒயர் போகவில்லை.

இது எத்தனை வருஷமாக இப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. இப்போது ஏன் தெரிந்தது என்று சொல்லலாம். புதுச் சுவருக்கு தினம் இரண்டு வேளை ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். அது ஒட்டிய பழைய சுவரிலும் இறங்கி, குளியலறைத் தரை எப்போதும் ஈரமாகவே கிடந்தது. அன்று பாட்டி செருப்பில்லாமல் போயிருக்கிறார். "சுருக்குன்னு ஏறிச்சு தம்பி, கைய உதறிட்டேன்" என்றார். உதற முடிந்தது அவர் அதிர்ஷ்டம்.

எர்த் சோதனை

அடுத்த கேள்வி: பாக்ஸுக்கு எர்த் இணைத்திருந்தால் இது நடந்திருக்காதா? மகன் இதைத்தான் கேட்டார். எர்த் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

பழைய எர்த் குழி வீட்டு முன்பக்கம், வாசலை ஒட்டி. ஜிஐ பைப் ஒன்று நாலடி ஆழம் வரை. அதற்குக் கீழே பாறை, அதனால் அதோடு விட்டிருக்கிறார்கள். உப்பும் கரியும் போட்டது வீடு கட்டிய வருஷம். பிறகு யாரும் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. எர்த் டெஸ்டரின் இரண்டு ஆணிகளை அடிப்பதே அன்று பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் 62 ஓம் காட்டியது. எர்த் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது, குறையக் குறைய நல்லது.

தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்ஸ் எர்த்தோடு சேர்ந்திருந்து, ஃபேஸ் அதில் முழுசாக இடித்தாலும், 230-ஐ 62-ஆல் வகுத்தால் ஓடும் மின்னோட்டம் சுமார் 3.7 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். அந்த சர்க்யூட்டில் இருந்தது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச். மூன்றே முக்கால் ஆம்பியர் அதற்கு ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிற மாதிரிதான். அது விழாது. பாக்ஸ் கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு, ஒரே பச்சை ஒயரில் சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜின் உடம்பும் அதே வோல்டேஜுக்கு ஏறும்.

நம் ஊர் வீடுகளில் எர்த் என்பது அந்தந்த வீட்டுக் குழிதான். மின்கம்பத்திலிருந்து எர்த் ஒயர் வருவதில்லை. ஆற்றங்கரை வண்டல் மண்ணில் எளிதில் இறங்கும் எண், பாறை நிலத்தில் இறங்காது. அந்த ஊரில் இரும்பு பாக்ஸ் பற்றிப் பேசுவதென்றால் இந்த 62-லிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் இரும்பு ஏன் சரி என்பதையும் மகனிடம் சொன்னேன். அங்கே பைப்பும் இரும்பு, மரை போட்டு பாக்ஸோடு திருகியிருப்பார்கள். பைப்பே பாக்ஸை எர்த்தோடு சேர்த்துவிடும். வருஷா வருஷம் சோதனையும் உண்டு. வீட்டில் ஓடுவது பிவிசி பைப். அதில் கோத்த ஒவ்வொரு இரும்பு பாக்ஸும் தனித்தனித் தீவு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒயர் கொடுத்து, முனையில் லக் (திருகில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, எர்த் திருகில் முறுக்கினால்தான் அது எர்த் ஆன பாக்ஸ். புது வீட்டில் அப்படி 23 இடம். இருபத்து மூன்றில் ஒன்று விட்டுப்போனால் அது எது என்று பூசிய பிறகு யாருக்கும் தெரியாது.

என்ன முடிவெடுத்தோம்

முதல் முடிவு பாக்ஸைப் பற்றியதே அல்ல. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே விழும் சுவிட்ச், இரண்டு வாங்கச் சொன்னேன். புதுப் பகுதிக்கு ஒன்று, பழைய பகுதிக்கு ஒன்று. எர்த் கெட்டியாக இல்லாத இடத்தில் எம்சிபி செய்ய முடியாததை இது செய்யும். 62 ஓம் எர்த்தில்கூட 30 மில்லி ஆம்பியர் கசியும்போது பாக்ஸில் ஏறும் வோல்டேஜ் இரண்டைத் தாண்டாது, அதற்குள் இது விழுந்துவிடும். "அப்ப எர்த் எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். எர்த் இருந்தால் பழுது வந்த கணமே ஆர்சிசிபி விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கசிந்த பிறகுதான் விழும். அதற்குத்தான் எர்த்.

எர்த்தை எங்கே போடுவது? குவாரி ஆட்கள் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் இருபதடி துளை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். காய்ந்த பாறைக்குள் கம்பியை இறக்குவது கண்ணாடிக் குடுவைக்குள் இறக்குவதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆழம் கிடைக்காத இடத்தில் நீளம் தேட வேண்டும். வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் தண்ணீர் தென்னைகளுக்கு ஓடும் வாய்க்கால் இருந்தது. அதன் ஓரமாக இரண்டரை அடி ஆழத்தில் ஐம்பதடி நீளம் பள்ளம் எடுத்து ஜிஐ பட்டை புதைத்தோம். பள்ளத்தை மேட்டு மண்ணாலேயே மூடினோம், கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு.

இனி பாக்ஸ். சாதாரண சுவிட்ச் போர்டுகள் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் என்று சொன்னேன். எலக்ட்ரீஷியன் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் வாங்கி வைத்திருந்த கருப்பு பாக்ஸை ஏற்கவில்லை. வாசலில் வைத்து அதன் ஒரு முனையில் தீக்குச்சி காட்டினோம். தீக்குச்சியை எடுத்த பிறகும் அது எரிந்தது, உருகிச் சொட்டியது. ஐஎஸ்ஐ எண் அச்சிட்ட வேறொரு பாக்ஸில் காட்டினோம். நெருப்பை விலக்கியதும் அணைந்துவிட்டது. அந்த எலக்ட்ரீஷியனை மாற்றியது இந்த இரண்டு நிமிஷம்தான், என் பேச்சல்ல. இன்னொன்றையும் பார்த்து வாங்கச் சொன்னேன்: திருகு ஏறும் காதுகளில் பித்தளை மரை பதித்திருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கில் திருகு ஏற்றினால் இரண்டாவது தடவை கழற்றும்போது வழுக்கும். பிறகு போர்டு கையோடு வரும்.

மூன்று இடங்களில் யோசிக்க வேண்டியிருந்தது.

கூரை ஃபேன் பாக்ஸ் இரும்புதான், அதில் பேச்சே இல்லை. நாலைந்து கிலோ எடை, நாள் முழுதும் அதிர்வு. கொக்கிக் கம்பியைக் கூரைக் கம்பியோடு கட்டி, கான்கிரீட் போடுமுன் பாக்ஸுக்கு எர்த் ஒயரும் கொடுத்தோம். கூரையில் விளக்குக்கான பாக்ஸ்கள் பிளாஸ்டிக்.

சமையலறையில் 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டு. ஒன்று இன்டக்‌ஷன் அடுப்புக்கு, ஒன்று கிரைண்டருக்கு. இங்கே இரும்பு போடச் சொன்னேன். சாக்கெட்டில் ஒயர் தளர்ந்தால் அந்த முனை சூடாகும். பிவிசி எண்பது டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். தகடு அந்தச் சூட்டைத் தாங்கும். எர்த் எப்படியும் அந்த சாக்கெட்டுக்கு வருகிறது, இரண்டே பாக்ஸ், லக் அடித்து முறுக்கியதை நானே பார்த்துவிடலாம்.

குளியலறை கீஸருக்கும் அதே காரணத்தைச் சொல்லி இரும்பு என்றேன். எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், ஈரச் சுவத்துல மறுபடியும் தகடா? அஞ்சு வருஷத்துல துருப்பிடிச்சா எர்த் திருகு எங்க நிக்கும்?" கேட்டது நியாயம். அங்கே பிளாஸ்டிக் பாக்ஸ், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், முனையில் ஃபெருல் (சிறு உலோகக் குழல்) அடித்து இறுக்குவது என்று மாற்றிக்கொண்டோம். போர்டையும் தண்ணீர் தெறிக்காத உயரத்துக்கு ஏற்றினோம்.

பழைய பகுதியில் இரும்பு பாக்ஸ் நான்கு இருந்தன. ஷாக் அடித்த குளியலறை பாக்ஸையும் கூடத்தில் ஒன்றையும் பிடுங்கிப் பிளாஸ்டிக் வைத்தோம். மாட்டுக்கொட்டகை பக்கத்து வெளிச்சுவரிலும் திண்ணையிலும் இருந்த இரண்டையும் எடுத்தால் சுவர் பெயரும் என்று வீட்டுக்காரர் தயங்கினார். எர்த் லூப் (எர்த்திலிருந்து பாக்ஸுக்கு ஒரு துண்டு ஒயர்) மட்டும் கொடுத்து விட்டுவிட்டேன்.

வேலை நடந்தபோது

பிளாஸ்டிக்கின் குறையைக் கொத்தனார் காட்டிக்கொடுத்தார். ஹாலோ பிளாக்கில் காடி வெட்டினால் உள்ளே பொந்து, பாக்ஸுக்கு முதுகுத் தாங்கல் கிடையாது. கலவையை அடைத்து இறுக்கியபோது, ஹாலில் 12 மாடுல் (பன்னிரண்டு சுவிட்ச் கொள்ளும்) பாக்ஸின் நீளப் பக்கம் உள்நோக்கி வளைந்துவிட்டது. பூசி முடித்து ஃபிரேம் வைத்தால் உட்காரவில்லை. உடைத்து மறுபடி பதிக்க வேண்டியதாயிற்று. வேறு இரண்டில் கரண்டி பட்டுக் காது உடைந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பாக்ஸிலும் சிமெண்ட் சாக்குக் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, பெரிய பாக்ஸின் நடுவில் ஒரு மரச்சில்லைக் குறுக்கே முட்டுக் கொடுத்தோம். இரும்பு பாக்ஸ் இரண்டும் எந்தத் தொந்தரவும் தரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவற்றின் துளைகளில் ரப்பர் புஷ் போட்டு, பைப் பாக்ஸுக்குள் எட்டிப் பார்க்கும்படி வைத்தோம்.

பயன்படாத துளைகளைத் திறக்காமல் விடச் சொன்னேன். திறந்து வைத்தால் பல்லி குடியேறும், பின்னாலேயே எறும்பு.

மெக்கர் என்பது ஒயரின் உறை கசியாமல் இருக்கிறதா என்று அளக்கும் கருவி, இதில் எண் ஏற ஏற நல்லது. சுவிட்ச் மாட்டுமுன் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்ததில் புதுப் பகுதி சர்க்யூட்டுகள் எல்லாம் ஒரு மெகாஓமுக்கு வெகு மேலே இருந்தன. பழைய பகுதியில் மெக்கர் வைக்கவில்லை. நேரமில்லை என்று அப்போது நினைத்தேன்.

குடிபோன பிறகு

ஆவணியில் குடிபோனார்கள். முதல் வாரமே ஆர்சிசிபி மூன்று தடவை விழுந்தது. அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? நல்லவேளை, மகன் எனக்குப் போன் செய்தார். இரண்டு பகுதிக்கும் நடுவே இருந்த நடை விளக்கைப் போடும்போது மட்டும் விழுகிறது என்று அவரே கவனித்திருந்தார். அந்த விளக்குக்கு ஃபேஸ் புதுப் போர்டிலிருந்து, நியூட்ரல் கைக்கு எட்டியதென்று பழைய போர்டிலிருந்து. ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் அதன் வழியாகவே திரும்ப வேண்டும். வேறு வழியில் திரும்பினால் கசிவு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். நியூட்ரலை மாற்றியதும் நின்றுவிட்டது.

புரட்டாசி மழையில் வந்தது வேறு மாதிரி. மூன்று நாள் அடைமழை, நள்ளிரவில் பழைய பகுதி ஆர்சிசிபி விழுந்தது. தூக்கினால் நிற்கவில்லை. காலையில் போனேன். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து மெக்கர் வைத்ததில் ஒன்று கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. மாட்டுக்கொட்டகைச் சுவர். நான் எர்த் லூப் கொடுத்துவிட்டு நகர்ந்த அதே பாக்ஸ். கைப்பிடிச் சுவர் வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர் பாக்ஸ் அடியில் தேங்கியிருந்தது. தகடு துருப்பிடித்து அடிப்பாகம் வடை ஓரம் மாதிரி உதிர்ந்தது. துளை விளிம்பில் இங்கேயும் ஒயர் கீறல். குளியலறையில் பார்த்த அதே கை வேலை. ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஒயரிங் செய்த வீட்டில், ஒரு பாக்ஸில் கண்ட பிழை மற்ற மூன்றிலும் இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை, மாட்டுக்கும் ஒன்றுமில்லை. அதற்குக் காரணம் அந்த இரும்பு பாக்ஸ் எர்த்தோடு சேர்ந்திருந்தது. கசிந்த மின்சாரம் தகட்டைப் பிடித்து எர்த்துக்குப் போனது, ஆர்சிசிபி பார்த்தது, விழுந்தது. பிளாஸ்டிக் பாக்ஸாக இருந்திருந்தால் கசிவு ஈரச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிருக்கும். ஆர்சிசிபி விழும் அளவுக்கு வர இன்னும் எத்தனை மழை ஆகியிருக்குமோ. பிளாஸ்டிக் பக்கம் முடிவெடுத்துவிட்ட நான் இதை மறைக்க முடியாது.

அந்த இடத்தில் மூடி போட்ட, மழை தாங்கும் பிளாஸ்டிக் பெட்டியைச் சுவருக்கு மேலேயே வைத்து, ஒயர் கீழிருந்து ஏறும்படி மாற்றினோம். திண்ணை பாக்ஸையும் அன்றே பிடுங்கினோம். சுவர் ஒரு சாண் பெயர்ந்தது, அரை நாளில் பூசியும் ஆயிற்று.

இப்போது என்றால் எதை மாற்றுவேன்

பாக்ஸ் தேர்வில் பெரிய மாற்றம் இல்லை. பாறை நிலம், பிவிசி பைப், வருஷச் சோதனை இல்லாத வீடு என்றால் சுவிட்ச் போர்டுகளுக்கு நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும் பிளாஸ்டிக், ஃபேனுக்கும் காய்ந்த இடத்து 16 ஆம்பியருக்கும் எர்த் இணைத்த இரும்பு என்றே சொல்வேன். பெரிய 12 மாடுல் இடங்களில் மட்டும் ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் மறுபடி யோசிப்பேன். முட்டுக் கொடுத்தும் அதில் ஒன்று லேசாகக் கோணித்தான் இருக்கிறது, பிளேட் மறைத்துவிட்டதால் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பழைய பகுதிக்கு மெக்கர் வைக்காமல் ஆர்சிசிபி மாட்டியது தவறு. எர்த் லூப் கொடுத்துவிட்டால் போதும் என்று துளை விளிம்பைப் பார்க்காமல் விட்டது அதைவிடத் தவறு.

எர்த் பள்ளம் எடுக்க ஆள் கூலி நாலு நாள் ஆனது. அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வந்து நின்ற அன்றே ஐம்பதடி பள்ளத்தையும் எடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஒயரிங் ஆளை அஸ்திவாரத்தின்போது யாரும் கூப்பிடுவதில்லை. இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் கடைக்கால் போடும் தேதியை முதலில் கேட்கிறேன்.

புது எர்த்தை அளந்தபோது 14 ஓம் வந்தது. அதை டிபி (எம்சிபி, ஆர்சிசிபி இருக்கும் பெட்டி) கதவின் உட்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டினேன். அளந்தது மழைக்குப் பிறகு, வாய்க்காலில் தண்ணீர் ஓடிய நாளில். பழைய 62 எடுத்தது பங்குனி வெயிலில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருமைப்பட்டது என் அவசரம். 2024 பங்குனியில் போய் மறுபடி அளந்தேன். 27 காட்டியது. 14-ஐ அடித்துவிட்டு அதன் கீழே 27 என்று எழுதி வைத்திருக்கிறேன்.